பில்டு பார்க்கிறவன்

நெய்வேலியில் வேலை வயதில் ஒரு பையனைப் பார்த்தால் கேட்பதற்கு ஒரே கேள்விதான் உண்டு. பெர்மனென்ட்டா, கான்ட்ராக்டா? சிவில் இன்ஜினியரிங் முடித்துவிட்டு, குவார்ட்டர்ஸில் அப்பா அம்மாவோடு இருந்து, அப்பாவின் சம்பளத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த எனக்கு இரண்டில் எதையும் சொல்ல வாய்ப்பில்லை. அதனால் பால் வாங்கப் போனால்கூட ஆள் நடமாட்டம் இல்லாத தெருவாகப் பார்த்துப் போவேன்.

வீட்டுக்குள் வந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டால் நான் வேறு ஆள். நாங்கள் ஆடியது நாலு பேர் ஓர் அணியாகச் சேர்ந்து ஆடும் துப்பாக்கி விளையாட்டு. அலை அலையாகப் பூச்சிப் படை வரும். சுட்டுத் தள்ளிக்கொண்டே முன்னேற வேண்டும். ஆளுக்கு எந்தத் துப்பாக்கி, எந்தக் கவசம், என்னென்ன திறமை என்று பொறுக்கிச் சேர்ப்பதற்குப் பில்டு என்று பெயர். அதில்தான் எனக்குக் கிறுக்கு. ஆடுவதைவிட அளந்து பார்ப்பதில் எனக்கு ருசி அதிகம்.

புதிதாக ஒரு துப்பாக்கி வந்தால் மற்றவர்கள் அதன் பளபளப்பைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள். நான் முதலில் பயிற்சி மைதானத்துக்குக் கொண்டுபோவேன். பெரிய பூச்சி எத்தனை குண்டில் விழுகிறது, குண்டு தீர்ந்து மறுபடி நிரப்புவதற்குள் குட்டிப் பூச்சிகள் எவ்வளவு நெருங்கிவிடுகின்றன, ஓடிக்கொண்டே சுட்டால் குறி எவ்வளவு விலகுகிறது என்று பார்ப்பேன். தனியாக ஆடும்போது ராஜாவாக இருக்கும் துப்பாக்கி, நாலு பேர் நடுவில் சுட்டால் புகையைக் கிளப்பிக் கூட்டாளியின் கண்ணை மறைத்துவிடும். அப்படிப்பட்டதைத் தயங்காமல் வேஸ்ட் என்று சொல்லிவிடுவேன். இணையக் குழுவில் நான் எழுதியதைப் படித்துவிட்டு, முகம் தெரியாத யார் யாரோ தங்கள் துப்பாக்கியைக் கீழே போட்டார்கள். உலகத்தில் என் பேச்சை மதித்தவர்கள் அவர்கள் மட்டும்தான்.

அப்பாவுக்கு மைன்ஸில் கன்வேயர் பெல்ட் பக்கம் ஷிப்டு வேலை. ரிடையர்மென்ட் நெருங்கிக்கொண்டிருந்தது. அதன்பிறகு குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். எங்கே போவது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவர் ஷிப்டு முடிந்து வரும்போது என் அறைக் கதவு சாத்தியிருக்கும். உள்ளேயிருந்து என் குரல் மட்டும் கேட்கும். "உன் பில்டு தாங்காதுடா. பேஸே சரியில்ல. லோடு அவுட்ட மாத்து, இல்லன்னா மூணாவது வேவ்ல மொத்தமா சரிஞ்சிடும்."

ஒருநாள் பூத்திலிருந்து பால் பாக்கெட்டோடு திரும்பும்போது அப்பாவின் ஷிப்டு நண்பர் ஒருவர் பிடித்துக்கொண்டார். வடலூர்க்காரர். சின்ன வயதிலிருந்து நான் அங்கிள் என்று கூப்பிடுகிறவர்.

"என்னா தம்பி, கண்ணுலயே பட மாட்டேங்கிற? அப்பா சொன்னாரு. வூட்லேந்தே ஆன்லைன்ல பில்டிங்கெல்லாம் செக் பண்ணிக்கினு இருக்கியாமே? ஃபாரின் கம்பெனியா?"

எனக்கு ஒரு நொடி ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பில்டு, பேஸ், லோடு. கதவுக்கு வெளியே நின்று கேட்கும் ஒரு அப்பாவுக்கு, சிவில் படித்த பையன் வேறு எதைப் பற்றிப் பேசுவான்? "ஆமாங்க அங்கிள், அந்த மாதிரிதான்" என்று சொல்லிவிட்டு நழுவினேன்.

அன்றைக்கே அணியில் இருந்த மூன்று பேரிடமும் இதைச் சொன்னேன். "உங்கப்பா பில்டுக்கே பில்டப்பு குடுக்கிறாருடா" என்றான் ஒருவன். அந்த வாரம் முழுக்க அதுதான் எங்கள் வேடிக்கை. அப்பாவின் குரலில் பேசி, "இந்த ஷாட்கன்னுக்குக் கடக்கால் எவ்ளோ ஆழம் தோண்டணும்?" என்று நான் கேட்க, அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது என்பதில் எனக்கு என்னவோ ஒரு நிம்மதி இருந்தது. தெரியாதவரிடம் பதில் சொல்ல வேண்டியதில்லை அல்லவா.

வினை அடுத்த வாரம் வந்தது. அங்கிள் வடலூரில் வீடு கட்டிக்கொண்டிருந்தார். அவரும் சீக்கிரம் ரிடையர் ஆகப்போகிறவர். அந்த வீட்டை நான் ஒருமுறை வந்து பார்க்க வேண்டுமாம்.

"போயிட்டு வாடா. ஒரு பார்வை பாத்துட்டு வந்தா என்ன?" என்றார் அப்பா, என் முகத்தைப் பார்க்காமல் செருப்பைத் தேடிக்கொண்டே. அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாயில் கொழுக்கட்டை. அங்கிளின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனேன்.

வீடு கதவு, ஜன்னல்களுக்கு மேலே போகும் லிண்டல் மட்டத்தைத் தாண்டியிருந்தது. அவர் மனைவி ஃபிளாஸ்கில் டீ கொண்டுவந்து, முதல் டம்ளரை எனக்குக் கொடுத்தார். "இன்ஜினீயர் தம்பி, உக்காருங்க" என்று ஒரு சேரைத் துடைத்துப் போட்டார். எனக்கு உடம்பு கூசியது. அங்கிள் ஹாலின் நடுவில் இருந்த ஒரு தூணைத் தட்டிக் காட்டினார்.

"இதாம்பா பிரச்சன. பொண்ணு கல்யாணத்துக்கு ஹாலு விசாலமா இருக்கட்டும்னு வூட்ல ஆசப்படறாங்க. மேஸ்திரி இருக்கட்டும்னு சொல்லிக்கினு இருக்காரு. நீ பாத்துச் சொல்லு. எடுத்துடலாம்னு சொன்னீன்னா மேல காங்கிரீட்டுக்கு சென்ட்ரிங் அடிக்கறதுக்கு முன்னாடியே எடுத்துடறேன்."

அந்தத் தூணை நிமிர்ந்து பார்த்தேன். என்ன பார்க்க வேண்டும் என்றே தெரியவில்லை. ஏட்டுச் சுரைக்காய்கூட என் கையில் இல்லை. அரியர்ஸ் எழுதி எழுதிப் பாஸ் செய்த பாடம் அது. திரையில் ஒரு பில்டை அரை நிமிடத்தில் குப்பை என்று தள்ளுகிறவன், ஒரு நிஜத் தூணின் முன்னால் திருவிழாவில் தொலைந்த பிள்ளைபோல நின்றேன். அவர்கள் இருவரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "எடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டுத் தப்பித்துப் போக நாக்கு நுனிவரை வந்தது. மேலே காங்கிரீட் வரப்போகிறது, கீழே இவர்கள் படுத்துத் தூங்கப்போகிறார்கள் என்ற நினைப்பு வந்து அதை நிறுத்தியது.

"எனக்குத் தெரியாதுங்க அங்கிள்" என்றேன். "நான் பில்டிங் பாக்கல. அது கேம். துப்பாக்கி கேம். அதுல எந்தத் துப்பாக்கி நல்லதுன்னு பாக்கறேன். அதுக்கும் பில்டுன்னுதான் பேரு. அப்பா தப்பாப் புரிஞ்சுக்கிட்டாரு."

அவர் மனைவி டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அங்கிள் தூணிலிருந்து கையை எடுத்தார். திட்டியிருந்தால் தேவலை.

"சரி தம்பி. சொன்னியே, அதுவே பெருசு. தூணு இருந்துட்டுப் போவட்டும்" என்றார். பிறகு, "அப்பாகிட்ட நான் ஒண்ணும் கேட்டுக்க மாட்டேன். நீ கவலப்படாத" என்றார். மானம் கப்பலேறியபின் கிடைத்த அந்த இரக்கம்தான் என்னை அதிகமாகக் குத்தியது.

பஸ் பிடித்து வீட்டுக்கு வரும்வரை அந்தக் குத்தல் கோபமாக மாறிக்கொண்டே வந்தது. அப்பா பின்பக்கம் யூனிஃபார்மை அலசிக்கொண்டிருந்தார். போனதும் வெடித்தேன்.

"தெரியாத விஷயத்த ஏன்ப்பா ஊரெல்லாம் சொல்றீங்க? பில்டுன்னா பில்டிங்கா? அது கேம்ப்பா!"

அவர் சட்டையைப் பிழிந்து உதறினார்.

"தெரியும்டா."

"என்ன தெரியும்?"

"துப்பாக்கி கேமு. நாலு பேரு ஆடறீங்க. எது நல்ல துப்பாக்கின்னு நீ சொல்ற, மத்தவன் கேக்கறான். கதவுகிட்ட நின்னு எவ்ளோ நாள் கேட்டிருக்கேன். இதுகூடவா தெரியாது?"

கதவருகில் நின்றவர் எதையெல்லாம் கேட்டிருப்பார்? அவர் குரலில் நான் பேசியதையும், அந்தச் சிரிப்பையுமா? அவர் அதைச் சொல்லவில்லை. அவர் கண் என் பக்கம் திரும்பாததிலேயே பதில் இருந்தது. மண்ணுக்குள் புதைந்துவிடலாம்போல வெட்கமாக இருந்தது.

"அப்புறம் ஏன்ப்பா அப்படி சொன்னீங்க?"

"வேற என்ன சொல்லச் சொல்ற? பையன் என்ன பண்றான், பையன் என்ன பண்றான்னு தெனம் கேக்கறாங்க. நீ சொல்ற வார்த்தையத்தான் சொன்னேன். பில்டு பாக்கறான்னேன். அவங்களா பில்டிங்னு எடுத்துக்கிட்டாங்க. நான் இல்லன்னு சொல்லல." சட்டையைக் கொடியில் போட்டுச் சுருக்கத்தை நீவினார். "அவரு வீட்ட நீ ஒருதரம் போய்ப் பாத்தின்னா, படிச்சது ஞாபகம் வரும், ஒருவேள புடிச்சும் போவும்னு நெனச்சேன். அவருகிட்ட என்ன சொன்ன?"

"உண்மையச் சொல்லிட்டேன். அப்பா தப்பாப் புரிஞ்சுக்கிட்டாருன்னு சொன்னேன்."

"நல்லது. அப்படித்தான் சொல்லணும்" என்றார். காலி பக்கெட்டைக் கவிழ்த்துவிட்டு உள்ளே போனார்.

என்னைக் காப்பாற்றப் பொய்யர் ஆனவரை, நானே என் வாயால் முட்டாளாகவும் ஆக்கிவிட்டு வந்திருந்தேன்.

அங்கிளும் அப்பாவும் ஒரே ஷிப்டு, ஒரே கம்பெனி பஸ், பக்கத்துப் பக்கத்து சீட்டு. மறுநாள் காலை பஸ் வரும் நேரத்தில் அப்பா ஸ்கூட்டரை வெளியே தள்ளினார். ரிடையர் ஆகும்வரை அவர் அந்தப் பஸ்ஸில் ஏறவில்லை. ஏன் என்று கேட்ட அம்மாவிடம், பஸ்ஸில் முதுகு வலிக்கிறது என்று சொன்னார்.