வாளியில் வந்த கலியாணம்

கல்முனைக் கடைத்தெருவில் இருக்கும் முபாறக்கின் ஸ்டூடியோவுக்கு இரண்டு கதவுகள். முன்கதவு எல்லோருக்கும் பொது. உள்ளே, பிறேம்கள் தொங்கும் சுவரோரம் பச்சைத் திரை போட்ட இன்னொரு கதவு இருக்கிறது. அது பெண்களுக்கு மட்டும். முபாறக்கே ஆனாலும் தொண்டையைச் செருமி, "வரலாமா?" என்று கேட்ட பிறகுதான் அந்தத் திரையைத் தொடலாம். கடை அவருடையது. படம் கழுவும் பெரிய மெசினைக் கொழும்பிலிருந்து லொறியில் ஏற்றி வந்ததும் அவர்தான். ஆனால் திரைக்குப் பின்னால் நடப்பது அவருடைய மனைவி றுஸ்தாவின் ஆட்சி.

கலியாணமாகி வந்த புதிதில் றுஸ்தா பிறேம்களுக்குக் கண்ணாடி துடைத்துக் கொடுப்பதோடு சரி. ஒருநாள் மருதமுனையிலிருந்து மணப்பெண்ணின் தாய் ஒருத்தி வந்து, மெமரி காட்டைக் கைக்குள் பொத்திக்கொண்டு நின்றாள். முபாறக் கையை நீட்ட நீட்ட அவள் பின்னால் போனாள்.

"படம் எடுத்தது பொம்புள. கழுவுறது மட்டும் ஆம்புளயா?" என்றாள்.

முபாறக் திரும்பி மனைவியைப் பார்த்தார். றுஸ்தா கண்ணாடித் துணியைத் தோளில் போட்டுவிட்டுக் கையை நீட்டினாள். காட் அவளுடைய உள்ளங்கையில் வந்து விழுந்தது. எந்த பட்டனை அழுத்துவது என்றுகூட அன்றைக்கு அவளுக்குத் தெரியாது. முபாறக் மெசினுக்கு முதுகைக் காட்டி நின்று ஒவ்வொன்றாகச் சொல்ல, அவள் செய்தாள். முதல் படம் மெசினின் வாயிலிருந்து சூடாக வந்தபோது தோசைக்கல்லில் இருந்து எடுத்ததுபோல் இரண்டு கையாலும் ஏந்தினாள்.

அதற்குப் பிறகு அந்தக் கதவு தானாகவே உண்டாயிற்று.

ஊரெல்லாம் படங்கள் போனுக்குள் போய்விட்ட காலத்தில் இந்தக் கடை மட்டும் கடதாசியால் நிறைந்து கிடப்பதற்குக் காரணம் அந்தத் திரைதான். கலியாண வீட்டின் பெண்கள் பக்கத்துப் படங்களைப் போனில் வைத்திருக்க இங்கே யாருக்கும் மனம் வராது. விரல் தவறினால் ஊர் முழுக்கப் போய்விடும். கடதாசியென்றால் அலுமாரிக்குள் இருக்கும், சாவி இடுப்பில் இருக்கும். ஆகவே படங்களை அடித்துக் கொடுத்துவிட்டு, மெசினிலும் மெமரி காட்டிலும் இருப்பதை அவர்கள் கண்முன்னாலேயே றுஸ்தா அழித்துவிட வேண்டும். அதுதான் பேச்சு.

கடதாசியும் பழைய வகைதான். வெள்ளி உப்புப் பூசி, வெளிச்சம் காட்டி, மருந்துத் தண்ணீரில் கழுவி எடுக்கிற ரகம். மையடிக்கும் மெசினிலும் படம் வரும். ஆனால் இந்தப் பக்கத்துப் பெண்கள் அல்பத்தைப் பார்ப்பதோடு விடமாட்டார்கள், தடவுவார்கள். மகளின் நெற்றியை, பேத்தியின் கன்னத்தை, சில நேரம் வட்டிலப்பம் பட்ட விரலால். அத்தனைக்கும் ஈடுகொடுக்கிற கடதாசி வேண்டும்.

கொழும்பு ஏஜென்ட் ஒவ்வொரு ஓடருக்கும் கேட்பார்: "பெரிய பெரிய டவுன்ல எல்லாம் கடதாசி ரோல் எடுக்கிறத நிப்பாட்டிட்டாங்க. நீங்க மட்டும் என்னதான் செய்றீங்க அதை?"

"எங்கட பொண்டுகளுக்குப் போன் எண்டாப் பயம், கடதாசி எண்டா நம்பிக்க" என்பார் முபாறக்.

சாய்ந்தமருது சபூறா மாமி தன் மகள் நஸ்லினின் கலியாணப் படங்களை அடிக்க வந்தபோது, நம்பிக்கையின் அளவு இன்னும் கொஞ்சம் குறைவாக இருந்தது. எல்லாப் படமும் அழிந்ததைக் கண்ட பிறகும் அவர் கதிரையை விட்டு எழும்பவில்லை.

"அந்தக் கொம்பியூட்டர்ட குப்பக் கூடையையும் தொறந்து காட்டு புள்ள."

றுஸ்தா திறந்து காட்டினாள். கூடை வெறுமையாக இருந்தது. மாமி அதற்குப் பிறகுதான் தேத்தண்ணியை எடுத்துக் குடித்தார்.

நஸ்லின் புருஷனோடு டோஹாவுக்குப் போகும்போது அல்பத்தைத் தாயின் மடியில் வைத்தாள். "இது உங்கட பொறுப்பு உம்மா" என்றாள். இரண்டு வருடம் அது அலுமாரியின் கீழ்த்தட்டில் பத்திரமாக இருந்தது. இந்தக் கார்த்திகையில் அடைமழை விடாமல் பெய்து, ஊர் நடுவே கடலுக்குப் போகும் தோணா ஓடை பெருகி, சபூறா மாமியின் வாசலைத் தாண்டி உள்ளே வந்தது.

வெயில் எறித்த முதல் காலையில் மாமியின் அழைப்பு வந்தது.

"றுஸ்தா, என்ட புள்ளட அல்பம் நனஞ்சி போச்சிகா. அவள் அடுத்த கிழம லீவுல வாறாள். மேல் மாடில வெயில் நல்லா விழுகுது, காயப் போடப் போறன்."

"ஐயோ வேணாம் மாமி! வெயில்ல போடாதீங்க. வாளியில நல்ல தண்ணி எடுத்து, அல்பத்த அப்பிடியே அதுக்குள்ள போடுங்க."

மறுமுனையில் மாமியின் அழுகை நின்றது.

"புள்ள, உனக்குச் சுகமில்லயா? நனஞ்சி போச்செண்டு அழுறன், தண்ணிக்குள்ள போடச் சொல்றாய்?"

"காஞ்சா பிளாஸ்டிக்கோட ஒட்டிப் புடிச்சிரும் மாமி. புறகு முகத்தக் கிழிச்சித்தான் எடுக்கணும். வாளியோட வாங்க."

சொல்லிவிட்டாளே தவிர, றுஸ்தாவுக்கே அது நிச்சயமில்லை. ஒருமுறை மெசினுக்குள் பட்டி அறுந்து, படங்கள் ஒன்றோடொன்று ஒட்டி வந்தபோது அவற்றைத் தண்ணீரில் போட்டுப் பிரித்திருக்கிறாள். அது மருந்துத் தண்ணீர், சில நிமிடக் கதை. இதுவோ வெள்ளத்தின் சேறு. இரண்டு நாள் ஊறியது. அந்தக் கலியாணத்தின் படங்கள் அவளிடமும் இல்லை, உலகத்தில் வேறெங்கும் இல்லை. இல்லாமல் செய்தது அவளுடைய விரல்தான்.

சபூறா மாமி ஓட்டோவில் வந்தார். முழங்கால்களுக்கு நடுவே வாளி, அதன்மேல் துவாய். மாமி இறங்க, வாளிக்குக் கைகொடுத்தபடி ஓட்டோக்காரன் கேட்டான்: "மீனா, மாமி? என்ன மீன்?"

"என்ட மகள்ட கலியாணம். ஆடாமப் புடி வாப்பா, தளும்புது."

உள்ளே வந்து வாளியை இறக்கியதும் மாமி றுஸ்தாவின் கையைப் பிடித்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார்.

"உண்மையச் சொல்லுகா. நான் ஏசமாட்டன். எங்கயாவது ஒரு கொப்பி ஒளிச்சி வச்சிரிக்காய்தானே?"

"இல்ல மாமி."

"ஒரேயொரு படம்?"

"ஒண்டும் இல்ல."

மாமி கதிரையில் சரிந்தார். "ஊர்ல எல்லாரும் பொய்க்காரிதான். நீ மட்டும் சொன்ன சொல்லக் காப்பாத்திரிக்காய், பாரு!"

றுஸ்தாவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டுக்கும் நேரமில்லை. தட்டங்களில் குழாய்த் தண்ணீரை நிரப்பினாள். அல்பத்தின் பிளாஸ்டிக் உறைகளைத் தண்ணீருக்குள் வைத்தே, விளிம்போரமாகக் கத்தியால் கீறினாள். இழுக்கவில்லை. தண்ணீரே உள்ளே புகுந்து படத்தையும் உறையையும் சமாதானமாகப் பிரிக்கட்டும் என்று காத்திருந்தாள். முதல் படம் இலை கழன்றதுபோல் கழன்று மிதந்தது. சேற்றுக்கு அடியிலிருந்து நஸ்லினின் மருதோண்டிக் கை வந்தது.

"யா அல்லாஹ், நீலமா இரிக்கிதே!" என்றார் மாமி.

"ஈரத்துல அப்பிடித்தான். காயட்டும்."

திரைக்குப் பின்னால் சுவரிலிருந்து சுவருக்குக் கொடி கட்டினார்கள். உடுப்புக் கிளிப்பில் மூலையைப் பிடித்துப் படங்களைத் தொங்கவிட்டாள் றுஸ்தா. மின்விசிறி மெல்லச் சுற்ற, நீலம் வடிந்து நிறங்கள் திரும்பி வந்தன. முதலில் சிவப்புச் சாரி வந்தது, பிறகு பொன், கடைசியில் தோலின் நிறம். அறைக்குள் ஒரு கலியாண வீடு மறுபடி கூடத் தொடங்கியது. மாமிக்கு வாயும் திரும்பியது.

"இவள் ஆரு, என்ட மைனியா? எனக்கிட்ட கடன் வாங்கின சாரியக் கட்டிட்டு நிக்கிற நிலையப் பாரு!"

எல்லாம் தப்பவில்லை. சில படங்களில் வெள்ளம் தேமல்போல் தின்றிருந்தது. மணமக்கள் சேர்ந்து நிற்கும் படத்தில் மாப்பிள்ளையின் ஒரு பக்கம் கரைந்து போயிருந்தது. றுஸ்தா அதைத் தயங்கித் தயங்கித்தான் காட்டினாள்.

"மருமகன்ட ஒரு காது போச்சி மாமி."

"போனாப் போகட்டும். ரெண்டு இரிக்கக்குள்ளயே நம்ம சொன்னத அவர் கேக்கிறல்ல."

வெளியே முபாறக் செருமினார். "வரலாமா?"

"வராதீங்க!" என்று இரண்டு குரல்கள் ஒன்றாக எழுந்தன.

"என்ட சாப்பாட்டுப் பார்சல் உள்ளதான்கா கிடக்கு."

றுஸ்தா திரைக்கு அடியால் பார்சலைத் தள்ளிவிட்டாள்.

கடைசி உறை மட்டும் பிடிவாதம் பிடித்தது. சேறு அதிலேதான் அதிகம். தண்ணீரை மாற்றி மாற்றிப் பார்த்தாள். மாமி பேச்சை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"அது என்ன படமெண்டு எனக்குத் தெரியும்" என்றார் மெல்ல. "நஸ்லின்ட தாலிகட்டுக்கு நான் குரவ போடுற படம். வாயப் புளந்துட்டு நிக்கிறன், கிழிச்சி எறிகா எண்டன். அவள்தான் கிழிக்க உடல்ல. டோஹாவிலரிந்து கதைக்கக்குள்ள, அத எடுத்து வச்சிக் கதைங்க உம்மா எண்டுவாள்."

றுஸ்தா உறையைப் புதுத் தண்ணீருக்குள் வைத்து, விரலால் தண்ணீரை மட்டும் அசைத்தாள். பள்ளிவாசலில் அசர்த் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடிந்தது. ஒரு மூலை எழும்பியது. அவள் அதைத் தொடவில்லை. இன்னொரு மூலையும் எழும்பியது. உறை ஒரு பக்கம், படம் ஒரு பக்கமாகத் தண்ணீரில் விலகின. முக்காடு சரிந்து, நாக்கு மடிந்து, கண் இரண்டும் இடுங்கி, உடம்பு முழுவதையும் வாய்க்குள் கொண்டுவந்து நிற்கும் சபூறா மாமி. ஒரு கீறல்கூட இல்லை.

படம் கொடிக்குப் போனது. மாமி அதன் முன்னால் நின்று தன்னையே பார்த்தார். பிறகு முக்காட்டைச் சரிசெய்து, கையை வாயருகே கொண்டுபோய், அந்தச் சின்ன அறைக்குள் நாக்கைச் சுழற்றி ஒரு குரவை போட்டார். மருந்துப் போத்தல்கள் அதிர்ந்தன. கடைத்தெருவில் போன ஓட்டோ ஒன்று வேகம் குறைத்துப் போயிற்று.

"என்னகா நடக்குது என்ட கடைக்குள்ள?" முபாறக் வாயில் சோற்றோடு கத்தினார்.

"கலியாணம்" என்றாள் றுஸ்தா. "ஏஜென்ட்டுக்குக் கோல் எடுத்து இன்னும் ரெண்டு ரோல் கூடச் சொல்லுங்க. மாமி எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி இன்னொரு கொப்பி அடிக்கப் போறா."

"ஆரு சொன்ன?" என்றார் மாமி. கொடியைப் பார்த்தார். கதிரையை இழுத்து மெசினுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். "சரி, காஞ்சதும் அடி. முடிஞ்சதும் கூடையத் தொறந்து காட்டணும். நான் இஞ்சதான் இரிக்கன்."