யார்சொன்னாவுக்கு ஒரு திருத்தம்

நாலு வரி இரங்கல் செய்தியில் ஐந்து தப்பு. எண்ணிச் சொன்னது அவன் மனைவி.

"வயசு அம்பத்திரண்டு இல்லண்ணா, நாப்பத்தொம்பது. எங்களுக்கு ரெண்டு பையன் கிடையாது, ஒரே பொண்ணு. நீண்ட நாளா உடம்பு முடியாம இருந்தாராம். நல்லா இருந்த மனுஷன், பல் தேய்ச்சிட்டு இருக்கும்போது விழுந்தார். மூத்த பத்திரிகையாளர்னு அவரை அவர் ஆபீஸ்லயே யாரும் சொன்னதில்ல. கடைசி வரிதான் ரொம்ப அழகு. ஏராளமானோர் கண்ணீர் மல்க விடை கொடுத்தனர். உங்க பேப்பர் அஞ்சு மணிக்கு வாசல்ல விழுந்துச்சு. அவரை எடுத்தது பத்து மணிக்கு. அந்த ஏராளமானோர் எத்தனை மணிக்கு வந்துட்டுப் போனாங்க?"

போனில் அவள் அழவில்லை. "திருத்தம் போடுவீங்களா?" என்று மட்டும் கேட்டாள். போடுகிறேன் என்றேன். அதை எழுதியதே நான்தான் என்று சொல்லவில்லை.

முதுகலை இதழியல் படிக்கும்போது அவனுக்கு நாங்கள் வைத்த பெயர் யார்சொன்னா. மழை வருது என்றால்கூட "யார் சொன்னா?" என்பான். அப்புறம் ஜன்னலுக்குப் போய்க் கையை வெளியே நீட்டிப் பார்த்துவிட்டு வந்து உட்காருவான்.

எங்கள் துறைக்குக் கொடுத்திருந்தது பழைய வேதியியல் ஆய்வகம். மேசைக்கு ஒரு குழாய், ஒரு தொட்டி. பத்திரிகைச் சுதந்திரம் பற்றிய பாடம் முழுக்க ஏதோ ஒரு குழாய் சொட்டிக்கொண்டே இருக்கும். பக்கத்து ஸ்டோர் ரூமின் சுவரில் முட்டை அட்டைகளை ஒட்டி, கதவில் ஸ்டுடியோ என்று எழுதியிருந்தார்கள். கேமரா ஒன்றே ஒன்று. அது பீரோவில் இருந்தது. வெளியே எடுக்க மூன்று பேர் கையெழுத்து வேண்டும், அதில் ஒருவர் எப்போதும் விடுப்பில் இருப்பார். இரண்டு வருடத்தில் கேமராவை நான் பார்த்தது இரண்டு தடவை. இரண்டு தடவையும் யாரோ அதற்கு மாலை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

துறைத்தலைவர் ஒரு காலத்தில் நிருபராக இருந்தவராம். ஏழு மாதம். அந்த ஏழு மாதத்தை வைத்து இருபது வருடம் பாடம் நடத்தினார். அவருடைய பெருமையெல்லாம் துறையின் நாலு பக்கப் பத்திரிகைதான். விழா முடிந்து ஆட்கள் படியிறங்கும்போது, அதே விழாவின் செய்தியோடு அது அவர்கள் கைக்கு வந்துவிடும். ரகசியம் சின்னதுதான். அச்சகம் முதல் நாளே மேட்டர் கேட்கும். ஆகவே அழைப்பிதழைப் பார்த்து விழாவை முதல் நாளே எழுதிவிடுவோம். எத்தனை வருடமாகவோ அப்படித்தான். கைதட்டல் உட்பட எல்லாம் தயாராக இருக்கும்.

கடைசி வருட விழாவுக்குச் சிறப்பு விருந்தினர் பெரிய நாளிதழ் ஒன்றின் முதலாளி. வருடத்துக்கு ஒரு மாணவரை அவர் வேலைக்கு எடுப்பார், துறைத்தலைவர் எழுதிக்கொடுக்கும் பெயர்தான். அந்த வருடப் பெயர் யார்சொன்னா. அடுத்தது நான். வேலைக்குப் போகிறவன் பெயர் முதலாளி கண்ணில் படட்டும் என்று விழாச் செய்தியையும் அவனிடமே கொடுத்தார்.

"சார், அவர் இன்னும் பேசவே இல்லையே."

"பேசுவார்ப்பா."

"என்ன பேசுவார்னு யார் சொன்னா?"

"நான் சொல்றேன், எழுது. உண்மையே ஊடகத்தின் உயிர்மூச்சு. ஒரு மணி நேரம் முழங்கினார்னு போடு."

எழுதினான். அதை அவனே எப்போதும் ஒத்துக்கொள்வான். வீட்டில் அவன் சம்பளத்துக்காகக் காத்திருந்தார்கள்.

மறுநாள் விருந்தினர் எழுந்து மைக்கைப் பிடித்தார், கரண்ட் போனது. "எல்லாரும் நல்லாப் படிங்க" என்று கத்திச் சொல்லிவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி இறங்கிப் போனார். வாசலில் அவர் கையில் பத்திரிகையைக் கொடுத்தோம். ஒரு மணி நேரம் தான் முழங்கியதை நின்று ரசித்துப் படித்தார். இன்னும் நாலு பிரதி கேட்டு வாங்கிக்கொண்டார்.

யார்சொன்னா மட்டும் துறைத்தலைவர் அறைக்குப் போனான். நானும் கூடப் போனேன், வேடிக்கை பார்க்க.

"அடுத்த இதழ்ல ஒரு திருத்தம் போடணும் சார்."

"யாருப்பா கேட்டா திருத்தம்? பேசினவரே சந்தோஷமாப் போயிட்டாரு."

"செய்திக்கு மேல என் பேர் இருக்கு சார்."

"அந்தப் பேரைத்தான் வேலைக்கு அனுப்பி வச்சிருக்கேன். பேசாமப் போ."

அவன் பேசாமல்தான் போனான். போய் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினான். 'நான் எழுதிய விழாச் செய்தியில் பிழைகள் உள்ளன. சிறப்பு விருந்தினர் ஒரு மணி நேரம் பேசவில்லை. மூன்று சொல் பேசினார். அரங்கம் நிரம்பி வழியவில்லை. பின் வரிசையில் இருந்தவர்கள் வெளியே மழை என்பதால் உள்ளே வந்தவர்கள். வருந்துகிறேன்.' துறைத்தலைவர் கிழித்தார். மறுபடி ஒட்டினான். மூன்றாவது தாளைக் கிழித்த கையோடு அவர் நாளிதழுக்கு வேறொரு கடிதம் எழுதினார். அதில் என் பெயர் இருந்தது. அதற்காக நான் ஒன்றுமே செய்யவில்லை. அன்று மட்டுமல்ல, பிறகும் ஒன்றும் செய்யவில்லை.

பெரிய நாளிதழில் நான் படிப்படியாக ஏறினேன். அவன் ஒரு சின்ன மாலைப் பத்திரிகையில் சேர்ந்து, சேர்ந்த நாற்காலியிலேயே இருபத்தாறு வருடம் இருந்தான். மரணச் செய்திகள் அவன் பொறுப்பு. ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டு வயது, பிள்ளைகள், காரணம் எல்லாம் கேட்பான். செத்தவர் செத்தது நிஜமா என்று கேட்கிற ஒரே ஆள் இந்த ஊரில் அவன்தான் என்று எங்கள் ஆபீஸில் கிண்டல் செய்வார்கள். நானும் சிரித்திருக்கிறேன். சிலசமயம் கிண்டலை ஆரம்பித்ததே நான்தான்.

அவன் போன தகவல் வந்தபோது நான் கூட்டத்தில் இருந்தேன். பக்கம் முடிக்க இருபது நிமிடம். எங்களிடம் இரங்கலுக்கென்று ஒரு மாதிரி இருக்கிறது. பெயரை மட்டும் மாற்றினால் போதும். மாற்றினேன். அவன் வீட்டு எண் என் போனிலேயே இருந்தது.

திருத்தத்தை எழுதிச் செய்தி ஆசிரியரிடம் கொண்டுபோனேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார்.

"ஏன்யா, செத்தவரா வந்து கேக்கப்போறாரு?"

"அவர் மனைவி கேக்கறாங்க சார்."

"துக்கத்துல ஏதோ சொல்லியிருப்பாங்க. கூட்டம் வந்துச்சுன்னு போட்டா மரியாதைதானே? வரலைன்னு திருத்தம் போடச் சொல்றியா? யோசிச்சுப் பாரு, அதுதான் அசிங்கம்."

திருத்தம் வேண்டாம் என்பதற்கு இவ்வளவு பண்பான காரணத்தை எங்கள் துறைத்தலைவர்கூடச் சொன்னதில்லை. கீழே விளம்பரப் பிரிவுக்கு இறங்கினேன். எங்கள் பத்திரிகையில் நிஜத்தைப் போட அந்த வழி ஒன்று இருக்கிறது: கட்டணம் கட்டினால் எதையும் போடுவார்கள். அங்கிருந்த பெண் தாளைப் படித்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"நம்ம தப்பை நாமளே விளம்பரமாப் போடறோமா சார்? யார் பேர்ல?"

"என் பேர்ல. எழுதினது நான்தான், அதையும் சேத்துக்கங்க."

ஒரு இடம் மட்டும் காலியாக இருந்தது: ஏராளமானோர் என்பது எத்தனை பேர். அங்கேயே நின்று அவன் மனைவிக்குப் போன் போட்டேன். எழுதியது நான் என்பதை முதலில் சொன்னேன்.

"தெரியும்ண்ணா. தப்பு விடாம அவர் பேரை எழுதியிருந்துச்சே. அவரைத் தெரிஞ்ச ஆள் அங்க நீங்க ஒருத்தர்தான்."

எத்தனை பேர் வந்தார்கள் என்று மட்டும் கேட்டேன்.

"இருங்க, எண்ணிச் சொல்றேன். நானும் பொண்ணும் ரெண்டு. அவர் தம்பி வீட்ல மூணு பேர். மாடி வீட்டு டீச்சர். அவர் ஆபீஸ்ல நாலு. அவர் செய்தி போட்ட குடும்பங்கள்ல இருந்து ஆறு பேர் வந்தாங்க, யாருன்னே எனக்குத் தெரியாது. பதினாறு. நீங்களும் வந்தீங்க. கேட்டுக்கிட்ட நின்னீங்க, போன் வந்துச்சு, அவரை எடுக்கிறதுக்குள்ள கிளம்பிட்டீங்க. உங்களைச் சேக்கவா, வேண்டாமா?"

விளம்பரப் பெண் பேனாவோடு காத்திருந்தாள்.

"வேண்டாம்மா" என்றேன். பதினாறு என்று எழுதிக் கொடுத்தேன்.