மெயினை இறக்கியும் அணையாத பல்பு

இது நடந்ததுதான். கதை கட்டவில்லை. டெல்லி ஜனக்புரியில் அந்தப் பழைய வீடு இன்னும் இருக்கிறது. ஸ்நேகாவும் அவள் கணவன் அச்சுதனும் இன்னும் அங்கேதான் குடியிருக்கிறார்கள்.

ஆரம்பித்தது ஒரு பல்பில். குடிவந்த வாரம், ஃபேன் மாட்டுவதற்காக வாசல் கதவுக்கு மேலே இருந்த மெயின் சுவிட்சை ஸ்நேகா இறக்கினாள். கூடம் இருண்டது. ஃப்ரிட்ஜ் அடங்கியது. நடையில் இருந்த பல்பு மட்டும் எரிந்துகொண்டே இருந்தது.

இது எவ்வளவு விபரீதம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். மீட்டரிலிருந்து வரும் கம்பி முதலில் மெயினுக்குள் நுழையும். அங்கிருந்துதான் அறை அறையாகப் பிரியும். மெயின் என்பது தலைமதகு. அதை மூடினால் எந்த வாய்க்காலிலும் தண்ணீர் ஓடக் கூடாது. ஓடினால், எங்கோ இன்னொரு மதகு திறந்திருக்கிறது என்று அர்த்தம். பழைய வீடுகளில் இப்படி உண்டு. வயரிங்கைப் புதுப்பிக்கும்போது பாதியைப் புது மெயினுக்கு மாற்றுவார்கள். மீதியைப் பழைய மெயினிலேயே விட்டுவிடுவார்கள்.

அந்தப் பழைய மெயின் எங்கே?

எலெக்ட்ரீஷியன் இரண்டு தடவை வந்து தேடினார். கிடைக்கவில்லை. எல்லாம் வாசலில்தான் இருக்கிறது என்று வீட்டுக்காரர் ஃபோனில் சாதித்தார்.

ஒரு சாயங்காலம் ஸ்நேகா சலித்துப்போய்ப் பல்பைப் பார்த்து, "அணைஞ்சுதான் தொலையேன்" என்றாள்.

'தட்'.

அணைந்தது. சத்தம் வந்தது நடைச் சுவரோடு அடித்திருந்த பிளைவுட் அலமாரியின் பக்கத்திலிருந்து. சிறிது நேரத்தில் மறுபடியும் 'தட்'... பல்பு எரிந்தது.

லூஸ் கனெக்‌ஷன் என்றான் அச்சுதன். "அதுவும் என்னை மாதிரிதான். நீ அதட்டினா அடங்கிடுது."

ஜூலையில் ஒரு சனிக்கிழமை. மதியம் மூன்று பத்து. கொட்டுகிற மழையில் பின்பால்கனி முழுக்கத் தண்ணீர். ஓடிக்கொண்டிருந்த வாஷிங் மெஷினை நகர்த்தலாம் என்று அச்சுதன் வெறுங்காலோடு போய் அதைப் பிடித்தான்.

பிடித்த கை திரும்பவில்லை.

மின்சாரம் தசையைச் சுருக்கிவிடும். விடு என்று மூளை சொன்னாலும் கை விடாது. அச்சுதனின் வாய் திறந்திருந்தது. குரல் வரவில்லை. பிளக் அவனுக்குப் பின்னால், தண்ணீருக்கு அந்தப் பக்கம். அவனைத் தொட்டால் ஸ்நேகாவும் ஒட்டிக்கொள்வாள்.

வாசலுக்கு ஓடினாள். மெயினை இறக்கினாள். கூடம் இருண்டது.

நடை பல்பு எரிந்தது.

மெஷின் உறுமியது.

"பையா... கோயீ ஹை? பந்த் கரோ..." என்று அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு, நிறுத்தச் சொல்லி இந்தியில் கத்தினாள். மழைதான் பதில் சொன்னது.

அச்சுதனின் உதடு நீலம் பாரித்தது.

அவளுக்கு இந்தி மறந்துபோயிற்று. "யாராவது நிறுத்துங்களேன்..."

'தட்'.

இருட்டு.

அவன் சரிந்து விழுந்தான். மூச்சு இருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் தச்சரைக் கூப்பிட்டு அலமாரியைப் பெயர்த்தார்கள். சுவரில் ஒரு கறுத்த இரும்புப் பெட்டி. அதன் பக்கவாட்டில் கைப்பிடி, கீழே இறங்கியிருந்தது. தச்சர் சுத்தியலால் அடித்தும் அசையவில்லை, அவ்வளவு துரு. பெட்டிக்கும் அலமாரிப் பலகைக்கும் நடுவே ஒரு விரல்கூட நுழைந்திருக்க முடியாது. ஆனால் கைப்பிடியின் தூசியில் நான்கு விரல்களின் தடம்... புதிதாக.

அச்சுதனைப் பார்க்க வந்த கீழ்வீட்டு பஞ்சாபி ஆண்டி அந்தப் பெட்டியைக் கண்டதும் உட்கார்ந்துவிட்டார். ரொம்ப வருஷத்துக்கு முன் இங்கே ஒரு மதராசி கிளார்க்கும் அவர் மனைவி காமாக்ஷியும் இருந்தார்களாம். காமாக்ஷிக்கு இந்தி ஒரு வார்த்தை வராது. ஒரு மழை நாளில் அந்தக் கிளார்க் இதே பால்கனியில் இரும்புக் கம்பியைப் பிடித்து ஒட்டிக்கொண்டார். மெயின் எங்கே இருக்கிறது என்று காமாக்ஷிக்குத் தெரியாது. இதே பெட்டிதான், நடையில் மாட்டியிருந்த காலண்டருக்குப் பின்னால், கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பால்கனியில் நின்று கத்தினாள். கீழே எல்லோரும் நின்று பார்த்தார்கள். யாருக்கும் புரியவில்லை. கடைசியில் அவர் கையைப் பிடித்து இழுத்தாள். இரண்டு பேருமே போய்விட்டார்கள்.

ஆண்டி இந்தியில்தான் சொன்னார். ஒரு சொல்லை மட்டும் அப்படியே தமிழில் சொன்னார். "'நிறுத்துங்கோ, நிறுத்துங்கோ'ன்னு கத்தினா. இன்னும் காதுல இருக்கு. அதுக்கு என்ன அர்த்தம், மகளே?"

ஸ்நேகா நிமிர்ந்தாள். நடை பல்பு எரிந்துகொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தாள். கைப்பிடி மேலே ஏறியிருந்தது.

மெஷினைப் புது லைனுக்கு மாற்றியாகிவிட்டது. பழைய லைனில் அந்த ஒரு பல்புதான் மிச்சம். அதற்காகச் சுவரை உடைக்க வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை.

ஆகவே, அந்த வீட்டில் மின்சாரத்தை முழுக்க நிறுத்த வேண்டுமானால் வழி இதுதான். முதலில் வாசல் மெயினை இறக்க வேண்டும். பிறகு நடையில் நின்று, "மாமி, கொஞ்சம் நிறுத்துங்கோ" என்று தமிழில் சொல்ல வேண்டும். 'தட்' என்று கேட்கும். டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டு வேலையை ஆரம்பிக்கலாம்.