இடது இருக்கைக்குக் காத்திருந்தவர்

கம்பெனியில் அவருக்குப் பட்டப்பெயர் ‘பர்மனென்ட்’. பதினான்கு வருஷமாக வலது பக்க இருக்கையை விட்டு எழுந்திருக்காத ஒரே கோ-பைலட் அவர்தான். பெயரை வைத்தது யாரென்று தெரியாது. எல்லோரும் அவர் முதுகுக்குப் பின்னால்தான் அப்படிக் கூப்பிட்டார்கள். ஆனாலும் அவர் காதில் விழாமல் இருக்குமா?

விமானி என்றாலே ஜனங்களுக்குக் கண் விரிந்துவிடும். கல்யாண வீடுகளில் யாராவது, “வெளிநாடெல்லாம் போவீங்களா?” என்று கேட்பார்கள். “இல்லைங்க, நாற்பது நிமிஷம் போய்ட்டுத் திரும்பி வந்துடுவேன்” என்பார். கேட்டவர் முகம் சுருங்கிப் பந்திக்குப் போய்விடுவார். அவர் ஓட்டியது இரண்டு விசிறி வைத்த சின்ன விமானம். ஐம்பது பேர் கூட ஏற முடியாது. சிற்றூருக்குச் சிற்றூர் பறந்து, ஒரு நாளைக்கு ஆறு தடவை ஏறி ஆறு தடவை இறங்க வேண்டும். பெரிய கம்பெனிக்காரர்கள் அதைப் பறக்கிற பஸ் என்பார்கள். பஸ்ஸிலாவது டிரைவர் இறங்கி டீ குடிக்கலாம்.

விமானி அறைக்குள் இடது பக்கம் கேப்டன், வலது பக்கம் கோ-பைலட். இருவருக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி. ஆனால் மாமியார் வீட்டில் மாமியாருக்கும் மருமகளுக்கும் இருக்கிற தூரம் அது. மழை கொட்டினாலும் விமானத்தைச் சுற்றி நடந்து டயரையும் விசிறியையும் பார்த்துவிட்டு வருவது கோ-பைலட். அதுவரை கேப்டன் உள்ளே நனையாமல் உட்கார்ந்திருப்பார். இரண்டு பேரும் ஒரே சாப்பாட்டைச் சாப்பிடக்கூடாது என்று வேறு ஒரு விதி. ஒருவர் வயிறு கெட்டாலும் இன்னொருவர் நிமிர்ந்து உட்கார வேண்டுமாம். எந்தப் பொட்டலம் வேண்டுமென்று முதலில் எடுப்பது கேப்டன். பதினான்கு வருஷமாக மிச்சப் பொட்டலம் தின்றவருக்குத் தனக்கு எது பிடிக்கும் என்பதே மறந்துபோயிருந்தது.

கேப்டன் ஆவதற்குத் திறமை வேண்டும்தான், ஆனால் முதலில் வரிசை எண் வேண்டும். வேலைக்குச் சேர்ந்த தேதிப்படி எண். ஒரே நாளில் சேர்ந்தால் வயதில் மூத்தவருக்கு முன் எண். அவர் எண் நாற்பத்தொன்று. கூடவே சேர்ந்த நண்பனுக்கு நாற்பத்திரண்டு, ஏனென்றால் அவன் நான்கு மாதம் இளையவன். அந்த நண்பனின் தங்கையைத்தான் அவர் பிறகு கட்டிக்கொண்டார். நண்பன் மச்சான் ஆனான்.

சேர்ந்த மூன்றாம் வருஷம் ஒரே ஒரு கேப்டன் இடம் காலியானது. நாற்பத்தொன்றின் முறை. இடம் இருந்தது வேறொரு ஊரில், இரண்டு விமானம் மாறிப் போக வேண்டும். புதிதாகக் கேப்டன் ஆகிறவன் கேப்டன்களின் வரிசையில் கடைசி ஆள். பண்டிகை நாள் வேலை, கூப்பிட்ட உடனே ஓட வேண்டிய காத்திருப்பு வேலை, எல்லாம் அவன் தலையில் விழும். கோ-பைலட்டாகவே இருந்தால் அந்த வரிசையில் அவர் முன்னால். ஞாயிறு லீவு கிடைக்கும், நல்ல நேரம் கிடைக்கும். அப்போது மகளுக்கு ஆறு மாதம்.

“குழந்தை சின்னது, இப்ப வேணாம்” என்று எழுதிக் கொடுத்தார். இடம் அடுத்த எண்ணுக்குப் போனது. மச்சானுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. அவன் தோளில் கேப்டனுக்குரிய நாலாவது கோடு ஏறியது.

ஐந்தாம் வருஷம் மறுபடியும் ஓர் இடம் வந்தது. மகளை நர்சரியில் சேர்க்கும் நேரம் என்றார். அதுவும் போனது. அதற்குப் பிறகு கம்பெனி நான்கு விமானங்களை விற்றது, பறக்கும் ஊர்களைக் குறைத்தது. எட்டு வருஷம் ஒரு கேப்டன் இடமும் வரவில்லை. இவர் இலவு காத்த கிளியாக உட்கார்ந்திருந்தார். மச்சானோ கேப்டனாகப் பறந்த மணிக்கணக்கைக் காட்டிப் பெரிய கம்பெனிக்குத் தாவி, கடல் தாண்டிப் பறந்துகொண்டிருந்தான்.

யார் கேட்டாலும் இவரிடம் பதில் தயாராக இருந்தது. “பொண்ணுக்காக விட்டுட்டேன்.” சொந்தக்காரர்கள் உச்சுக்கொட்டினார்கள். எப்பேர்ப்பட்ட அப்பா என்றார்கள். சொல்லச் சொல்ல அவருக்கே அது நிஜமாகிவிட்டது.

பதினான்காம் வருஷம் ஒரே மாதத்தில் ஒன்பது கேப்டன்கள் பெரிய கம்பெனிகளுக்குப் போய்விட்டார்கள். இடம் கேட்பாரற்றுக் கிடந்தது, அதுவும் சொந்த ஊரிலேயே. கூடவே ஒரு புது விதியும் வந்தது. மூன்றாம் முறை மறுப்பவருக்கும், பயிற்சியில் தேறாதவருக்கும் இனிமேல் வாய்ப்பே கிடையாது. இவருக்கு வயது நாற்பத்துமூன்று. மகளுக்கோ பன்னிரண்டு நெருங்குகிறது, தானே பள்ளிக்குப் போய்த் தானே வருகிறாள். சாக்குச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. கையெழுத்துப் போட்டார்.

பயிற்சி மையத்தில் கால் முளைத்த பெட்டி மாதிரி ஒரு யந்திரம் உண்டு. உள்ளே போனால் அசல் விமானி அறை, ஜன்னலுக்கு வெளியே படமாக ஓடும் வானம். முதல் இரண்டு நாள் அவர் ஓட்டியதைப் பார்த்துப் பயிற்சியாளர்கள் வாயடைத்துப் போனார்கள். விதிப்புத்தகத்தின் எந்தப் பக்கத்தைக் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தார்.

மூன்றாம் நாள் காலையில் தேர்வு. இவர் இடது பக்கம், வலது பக்கம் புதிதாகச் சேர்ந்த கோ-பைலட் பெண், பின்னால் நோட்டுடன் தேர்வாளர். மேலே ஏறியதும் வலது இன்ஜினில் தீ என்று மணி அடித்தது. செய்ய வேண்டியதையெல்லாம் இம்மி பிசகாமல் செய்து அணைத்தார். அடுத்து, பின்பக்கம் புகை வாசனை என்று பணிப்பெண்ணின் குரல் வந்தது. புறப்பட்ட ஊரில் பனி இறங்கிக்கொண்டிருந்தது. இன்னோர் ஊர் தெளிவாக இருந்தது, ஆனால் முப்பது நிமிஷ தூரம்.

இரண்டு ஊரின் வானிலையையும் கேட்டார். அட்டவணையை எடுத்துப் படித்தார். இன்னொரு தடவை படித்தார்.

“எந்தப் பக்கம் சார் திரும்பணும்?” என்றாள் அந்தப் பெண்.

அவர் தலை தானாக இடது பக்கம் திரும்பியது. பதினான்கு வருஷமாக அந்தப் பக்கத்திலிருந்துதான் உத்தரவு வந்திருக்கிறது. இப்போது அங்கே ஜன்னல்தான் இருந்தது. அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“சார்?”

“நீங்க என்ன நினைக்கிறீங்க?” என்றார் அவளிடம்.

“நீங்கதான் சார் கேப்டன்.”

தேர்வாளர் பெட்டியை நிறுத்தினார். வெளியே வந்ததும், “ரொம்ப சுத்தமா ஓட்டுறீங்க. ஆனா அங்க யாரைப் பாத்தீங்க?” என்று கேட்டார்.

மறுநாள் ஒரு மறுதேர்வு தந்தார்கள். முந்தின நாள் தயங்கிய அவமானம் அவரை அரித்துக்கொண்டிருந்தது. இன்றைக்கு யாரையும் எதையும் கேட்பதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினார். மணி அடித்தது. அடித்து முடிவதற்குள், “இடது இன்ஜினை அணைக்கிறேன்” என்று கையை வைத்தார்.

“சார், அது நல்லா ஓடுற இன்ஜின்...” என்று அந்தப் பெண் சொல்வதற்குள் அணைத்துவிட்டார். கெட்டுப்போனது வலது பக்கத்து இன்ஜின். இரண்டும் போன விமானம் அந்தப் படத்து வயலில் போய் விழுந்தது. திரை சிவப்பானது. முதல் தேர்வில் முடிவெடுக்காமல் கெட்டார், மறுநாள் முடிவெடுத்துக் கெட்டார். எனக்கு அவர்மேல் கோபமும் வருகிறது, வயிற்றெரிச்சலும் வருகிறது. பயணிகள் நிஜமானவர்களாக இல்லாமல் போனார்களே, அந்த மட்டும் புண்ணியம்.

கடிதம் அன்றைக்கே வந்துவிட்டது. கோ-பைலட்டாகத் தொடரலாம். இனி கேப்டன் பயிற்சி கிடையாது. கீழே இன்னொரு வரி: கோ-பைலட்டுகளின் வரிசையில் இப்போது அவருக்கு முதலிடம், எந்த லீவையும் முதலில் தேர்ந்தெடுக்கலாம். இதைவிடச் செருப்பால் அடித்திருக்கலாம்.

வீட்டுக்கு வந்த மதியம் மச்சான் போன் பண்ணினான். “விடு மாப்ள. உன் அளவுக்குச் சுத்தமா ஓட்ட எனக்கே வராது” என்றான். ஆறுதல்தான், நல்ல மனசோடு சொன்னதுதான். இவருக்கு அது புண்ணில் மிளகாயாக இருந்தது.

மனைவி சாப்பாடு போட்டாள். மகள் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, “மூணாவது வருஷமே போயிருந்தா, அந்த வயசுல சுலபமா பழகியிருக்கும். உங்களுக்காகத்தானே விட்டேன்” என்றார்.

மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள்.

“எங்க மேல போடாதீங்க. அன்னிக்கு நான் அந்த ஊர்ல வீடு விசாரிச்சு வச்சிருந்தேன். குழந்தை துணியைக்கூடப் பெட்டியில அடுக்கிட்டேன். நீங்க வேணாம்னு எழுதிக் குடுத்துட்டு வந்துதான் என்கிட்ட சொன்னீங்க.”

“குழந்தை சின்னதா இருந்துச்சே...”

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். பயமா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் என்ன கடிச்சா தின்னிருப்பேன்? ரெண்டாவது தடவையும் அதேதான் பண்ணீங்க. நானும் ஊருக்கெல்லாம் தலையாட்டிட்டு இருந்தேன், பாவம் மனுஷன்னு.”

அவர் மறுக்க வாயைத் திறந்தார். முதல் முறை அந்தக் காகிதத்தில் எழுதி முடித்ததும் எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பது ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டார்.

மகள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாக இருந்த மாதிரித் தெரியவில்லை. ரொம்ப நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்கிற முகம்.

“அப்பா, அப்ப என்னாலதான் நீங்க கேப்டன் ஆகலைன்னு எல்லார்கிட்டயும் சொன்னது...”

“என்னம்மா?”

“ஸ்கூல்ல யாராவது கேட்டா நானும் அப்படித்தான் சொல்வேன். நான் பொறந்ததாலதான்னு. இனிமே சொல்ல வேணாம்தானே?”

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

“வேணாம்மா” என்றார்.

“நான் இல்லதானே?”

“நீ இல்லம்மா.”

“சரிப்பா” என்று சொல்லிவிட்டு, அவள் குழம்பை இழுத்து ஊற்றிக்கொண்டு இன்னும் கொஞ்சம் சோறு கேட்டாள்.