சரளை மேடும் என் கிணற்றடியும்

அண்ணனின் கருமாதிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தம்பியின் வணக்கம். அவரைப் புகழ ஊரே இருக்கிறது. பொறாமைப்பட நான் ஒருவன்தான் இருந்தேன். அதனால் நானே எழுதுகிறேன்.

அண்ணன் சின்னமனூருக்குப் பக்கத்தில் பிறந்தவர். அப்பா போன பிறகு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, வருசநாட்டு மலையடியில் இருந்த எங்கள் மானாவாரிக் காட்டை உழுது என்னைப் படிக்கவைத்தார். பாகம் பிரிக்கையில் மூத்தவர் பிரிக்க, இளையவன் முதலில் எடுப்பது எங்கள் வழக்கம். நான் கிணற்றடி நிலத்தை எடுத்துக்கொண்டேன். சரளை மேடு அவருக்குப் போனது.

பிறகு மழை பொய்த்த வருடங்கள் வந்தன. கிணறும் வற்றி, இருவர் மண்ணும் கட்டாந்தரையானது. மண்ணைச் சும்மா விட்டால் தானே தேறும் என்பது என் கட்சி. அண்ணன் கேட்கவில்லை. சரிவுக்குக் குறுக்கே வரப்புப் போட்டார். கண்மாய் வண்டலை டிராக்டரில் கொண்டுவந்து கொட்டினார். சணப்பு விதைத்துத் தழையுரமாக மடக்கி உழுதார், ராத்திரியில் ஆடுகளை அடைத்து எருவேற்ற ஆட்டுக்கிடை போட்டார்.

"மண்ண அதும்போக்குல விடுண்ணே. மனுசன் கை வச்சுத்தான அது கெட்டுச்சு?" என்றேன்.

"கெடுத்த கைதாண்டா கட்டுப் போடணும்," என்றார்.

சில மழைக்குள் அவர் மேட்டில் சோளம் ஆளுயரம் நின்றது. என் காட்டில் தானே தேறியது சீமைக்கருவேலம்தான். வயிறு எரிந்தது, இன்னும் எரிகிறது. கம்பம் சந்தைக்குப் போனால்கூட, "மேட்டுக்காட்டுக்காரர் தம்பியா?" என்றுதான் கேட்பார்கள். "ஒன் காட்டுக்கும் கிடை பேசட்டுமாடா?" என்று அண்ணன் வருடா வருடம் கேட்பார். வேண்டாம் என்பேன்.

நெஞ்சுவலியோடு தேனி ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் அதையே கேட்டார். வேண்டாம் என்றேன். சிரித்துக்கொண்டார்.

அவரைக் கவனித்த டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும், அகலாமல் உடனிருந்த மதினிக்கும், தோள் கொடுத்த பங்காளிகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கிடைக்காரர்களுக்கும் நன்றி. சொல்லியனுப்பாமலே நடந்து வந்தார்கள். நான் செத்தால் வருவார்களா தெரியாது.

சுடுகாட்டில் பால் ஊற்றிக் காடாத்து முடிந்த மறுநாள், கிடைக்குத் தலைவரான கீதாரி ஆடுகளோடு என் வரப்பில் நின்றார்.

"ஆஸ்பத்திரியில இருந்தே பெரியவக போன்ல சொல்லிட்டாக. இந்த வருசம் கிடை ஒங்க காட்டுலதான். எங்கன அடைக்கட்டும்?"

சாகக் கிடந்தும் என்னை முந்திக்கொண்டார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தச் சொல்லை இத்தனை வருடமும் அண்ணனிடம்தான் சொல்லிப் பழக்கம்.

கிணற்றடியைக் கைகாட்டினேன்.