நாற்பது கிராம்

பர்வதமலை ஏறுவதற்காக எங்கள் சித்தப்பா ஒரு பை தைத்தார். கடையில் அந்த மாதிரிப் பையின் விலையைக் கேட்டவர், "இத்த நாமளே தச்சிக்கலாம்" என்று சொல்லிவிட்டு நேரே மண்ணூர் காயலான் கடைக்குப் போனார். ஒரகடத்துக் கம்பெனிகள் கழித்துப்போட்ட சீட் பெல்ட் பட்டையும் பார்சல் மூடிவரும் மெல்லிய துணியும் வாங்கி வந்தார். அம்மாவின் தையல் மிஷின் ஒரு மாதம் அவரிடம் மாட்டிக்கொண்டு படாத பாடு பட்டது. கூல் டிரிங்ஸ் டின்னை அறுத்து அடுப்பு செய்தார். பேக்கிங் ஃபோம்தான் பாய். டூத் பிரஷ்ஷைக்கூடப் பாதியாக வெட்டினார்.

"மலை ஏறச்சொல்ல ஒரு கிராம் ஒரு கிலோ ஆயிடும்" என்பார். பையைக் கொக்கித் தராசில் மாட்டி எடையைப் படிப்பது என் வேலை. என்னையும் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தார். எட்டு வயதில் எனக்கு அதைத் தவிர வேறு நினைப்பே இல்லை.

மூன்று முறை கிளம்பத் தயாரானோம். மூன்று முறையும் முந்தின நாள் சாயங்காலம் சித்தப்பாவின் கம்பெனி சூப்பர்வைசரிடமிருந்து போன் வந்தது. பேசி முடித்ததும் சித்தப்பா பையைத் தூக்கிப் பார்ப்பார். "இன்னும் வெயிட்டா கீதும்மா. கொறச்சிகினு அடுத்த மாசம் போலாம்."

நான் அப்படியே நம்பினேன். மூன்றாம் முறை அவர் ஓவர்டைம் பார்க்கப் போனதும் கத்தரிக்கோலை எடுத்தேன். பக்கத்துப் பாக்கெட் இரண்டும் போயின. தோள்பட்டையில் பஞ்சு எதற்கு என்று அதையும் உருவினேன். நாற்பது கிராம் குறைந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அம்மா கையை ஓங்கிவிட்டாள். அப்போதுதான் உள்ளே வந்த சித்தப்பா தடுத்தார். "வுடு அண்ணி, அது இன்னா தெரிஞ்சா செஞ்சிது."

"இப்ப லேசாயிடுச்சில்ல சித்தப்பா, போலாமா?"

அவர் யூனிஃபார்மைக்கூட மாற்றாமல், வெட்டிய துண்டுகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கண் கலங்கியிருந்தது. பை வீணானதற்கு அழுகிறார் என்று நினைத்தேன்.

பை முதல் மாதமே போதுமான அளவு லேசாகிவிட்டிருந்தது. கான்ட்ராக்டில் இருந்தவருக்குச் சேர்ந்தாற்போல் இரண்டு நாள் லீவு கிடைக்கவில்லை, அவ்வளவுதான் சங்கதி. அதை என்னிடம் சொல்ல வெட்கப்பட்டுப் பழியைப் பையின் மேல் போட்டுவந்திருக்கிறார். இன்றுவரை நாங்கள் இருவரும் அந்த மலையைப் பார்த்ததில்லை. அந்த ஏக்கம் இன்னும் எனக்குப் போகவில்லை. அன்றைக்கு இது எதுவும் தெரியாமல், வெயிட் இன்னும் போதுமான அளவு குறையவில்லை போல என்று நினைத்து, பையில் இன்னும் எதை வெட்டலாம் என்று தேடிக்கொண்டிருந்தேன்.