யார் மோட்டாரோ ஓடியது

இரண்டு வருடங்களுக்கு முன்பு, அதியமான்கோட்டைப் பக்கம் நான் வேலை பார்க்கும் பொறியியல் கல்லூரியில் நடந்தது இது. விவசாயிகள் போனிலேயே போட்டு நிறுத்தும் மோட்டார் ஸ்டார்ட்டரை வெளியாள் யாராவது ஓட்டிவிட முடியுமா என்று ஆராய ஒரு சோதனைக்கூடம் அமைத்தோம். பெரிதாக நினைத்துவிடாதீர்கள். இரண்டு நீல டிரம், ஒரு சின்ன மோட்டார், சிம் போட்ட ஸ்டார்ட்டர் பெட்டி, அவ்வளவுதான். ஆனால் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

முதல் சோதனை. என் போனிலிருந்து பெட்டியின் சிம் எண்ணை அழைத்து, மோட்டாரைப் போட 1-ஐ அழுத்தினேன். மோட்டார் ஓடுவதாகப் பெட்டியின் பதிவுக் குரல் சொன்னது. எங்கள் மோட்டாரோ அசையவே இல்லை. ஒயரிங் செய்த லேப் உதவியாளரைப் பிடித்துக் கத்தினேன். அவர் என் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, கடைசி இலக்கம் தப்பு என்றார். நாங்கள் வாங்கிய பாலக்கோட்டுக் கடையில் பெட்டியோடு சிம்மையும் அடுத்தடுத்த எண்களாக வைத்து விற்கிறார்கள். பக்கத்து எண்ணும் யாரோ ஒருவரின் ஸ்டார்ட்டர்தான்.

அதே எண்ணை மறுபடி அழைத்து அவசரமாக நிறுத்திய கையோடு என் போன் அடித்தது. மாரண்டஹள்ளிப் பக்கம் தக்காளி போட்டிருக்கும் ஒரு பெண்; மோட்டாரைப் போட்ட எண்ணை அவர் பெட்டி எஸ்எம்எஸ்ஸில் காட்டிக்கொடுத்திருந்தது. பைப்பைக் கழற்றி வைத்திருந்த நேரமாம். முந்தின நாள் நட்ட நாற்றின் மேல் தண்ணீர் பாய்ந்துவிட்டதாம்.

மறுநாள் உதவியாளரிடம் மன்னிப்புக் கேட்டு, அவரையும் அழைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறோம் என்றுதான் நினைத்தேன். இரண்டு வரிசை நாற்று சேற்றில் சாய்ந்து கிடந்தது. அந்தப் பெண் திட்டவில்லை. மூவருமாகக் குனிந்து நட்டோம். நான் நட்டதை மட்டும் அவர் சிரித்தபடி பிடுங்கி மறுபடி நட்டார்.

தன் கொழுந்தனார், வேலைக்கு வருகிறவர்கள் எல்லோரும் மோட்டார் போடட்டும் என்று, யார் அழைத்தாலும் ஓடும்படி விட்டிருந்தார்களாம். நாங்கள் கிளம்பும்போது அந்தப் பெண் தன் பெட்டியைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

"நீங்க தெரியாம போட்டுட்டு வூடு தேடி வந்தீங்க மேடம். தெரிஞ்சே போடறவன் வருவானா? இதையும் பாத்துக் குடுங்க."

எங்கள் கூடத்துக்கு வெளியிலிருந்து வந்த முதல் பெட்டி அதுதான். அவர் வீட்டு எண்களுக்கு மட்டும் ஓடும்படி மாற்றிக் கொடுத்தோம். இப்போது பல ஊர்ப் பெட்டிகள் எங்களிடம் வருகின்றன. இன்றும் நான் எண்ணைச் சத்தமாகப் படித்து, உதவியாளர் சரி என்ற பிறகே அழைக்கிறேன். மணி அடிக்கும் அந்தச் சில நொடிகளில், மறுமுனையில் யாரோ நேற்று நட்ட நாற்று இருப்பதாகவே நினைத்துக்கொள்கிறேன்.